மரத்துக்குச் சொன்ன செய்தி

அத்தியாயம் ஆறு

ஒன்பதாவது வழிகாட்டியும் தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லி எழுந்து போனபோது, சங்காப் பண்டியாவுக்கு மேசையைத் தூக்கி ஆற்றில் வீச வேண்டும் போல இருந்தது. மேசை மியானின் காப்பிக் கடைக்குச் சொந்தமானது என்பதால் வீசவில்லை.

காலை ஒன்பது மணி. மழை விட்டு விட்டுப் பெய்தது. கடைக்கு எதிரே ஆற்று மணலில் ஓர் இரும்புக் கூண்டு நேற்றிலிருந்து கிடந்தது. ஆள் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு உயரம். மேலே போட்டிருந்த தார்ப்பாய்க்கு அடியில் மியானின் கோழிகள் மழைக்கு ஒதுங்கியிருந்தன. பகல் பன்னிரண்டு மணிக்கு அதற்குள் ஜெரிங்கை அடைக்கப் போகிறார்கள்.

ஜெரிங் ஒரு மாவாஸ். வெளியூர்க்காரர்கள் ஒராங்குட்டான் என்பார்கள். லாவ் தெங்கா ஊரில் அவ்வளவு நீளமான வார்த்தையை யாரும் செலவழிப்பதில்லை. இருபது வருஷம் மர உச்சியிலேயே காலம் தள்ளியவள், இந்த மூன்று வாரத்தில் மூன்று முறை வயிற்றில் ஒட்டிய குட்டியோடு கீழே இறங்கி, காடு பார்க்க வந்தவர்களின் பையைப் பிடுங்கியிருக்கிறாள். மூன்றாவது முறை, பையை விட மறுத்த ஒரு டச்சுக்காரியின் முழங்கையில் நகம் கீறிவிட்டது. மாவாஸ் இப்படித் தானாகக் கெடாது. யாரோ கையில் வைத்துப் பழம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். கைக்குப் பழகியதைக் காட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பது விதி.

விதியை எழுதியதே பண்டியாதான். எட்டு வருஷத்துக்கு முன், வனக்காவலர் வேலையை உதறிவிட்டு வெளியே வருவதற்கு முந்தின மாதம் எழுதினான். பத்து மீட்டர் தள்ளி நில். முகமூடி போடு. தின்ன எதுவும் கொடுக்காதே. கொடுத்துக் கெடுத்தால் மிருகம் கூண்டுக்குப் போகும். கடைசி வரியைச் சும்மா பயமுறுத்தத்தான் எழுதினான். கூண்டு நிஜமாகவே படகில் வந்து இறங்கும் என்று அப்போது தோன்றவில்லை.

இப்போது துப்புத் துலக்க வழிகாட்டிகள் சங்கம் அவனை அமர்த்தியிருந்தது. சங்கத்துக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். பழம் கொடுத்த ஆள் யாரென்று பன்னிரண்டு மணிக்குள் தெரிந்தால், ஜெரிங்கைக் காட்டிலேயே விடுவது பற்றி யோசிக்கலாம் என்று வனத்துறை உத்தரவில் ஒரு வரி இருந்தது. தெரியாவிட்டால் மயக்க ஊசி. ஜெரிங்கையும் குட்டியையும் பார்க்கத்தான் பாதிப் பேர் இந்த ஊருக்கே வருகிறார்கள். சங்கம் அதனால்தான் துடித்தது. பண்டியா துடித்ததற்குக் காரணம் வேறு. கூண்டு என்ற அந்தக் கடைசி விதி அவன் எழுதியது.

டாக்டர் குர்னியா குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். மாவாஸ்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். தூரத்து நகரமான பாண்டுங்கிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. தூங்காத கண். மியான் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டு, "பூஜூர், மாமி" என்று நன்றி சொன்னார்.

"எனக்கே வயசு இருபத்தெட்டு. பொண்ணும் இல்ல. அதுக்குள்ள மாமிங்கறீங்க" என்றாள் மியான். இந்த ஊரில் மாமி என்றால் மாமியார். தினமும் நடக்கிற சண்டை. டாக்டர் சிரிக்க முயன்று பாதியில் விட்டார். ஏதாவது பெயர் கிடைத்ததா என்று பண்டியாவைக் கேட்டார். இல்லை என்றான். தான் இதை ஆசைப்பட்டுச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, காப்பியை முழுசாகக் குடிக்காமலே டாக்டர் எழுந்து போனார்.

பக்கத்தில் பொனிரின் வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றபடி கைபேசியில் எதையோ கேட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். பண்டியாவின் உதவியாளன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த ஜாவாக்காரன், முன்னாள் மினிபஸ் கண்டக்டர். இன்றைக்கும் யாரோடு பேசினாலும் பின் ஸீட்டுக்குத் தள்ளுகிற மாதிரிதான் பேசுவான்.

என்ன சிரிப்பு என்று பண்டியா எரிச்சலோடு கேட்டான். பொனிரின் கைபேசியை அவன் காதருகே பிடித்தான். வாக்கி-டாக்கியின் கரகரப்பு. பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல், நிதானமாக:

"மரமே, கேட்டுக்கோ. சிவப்பி என் தோட்டத்துப் பக்கம் எறங்கிட்டா. குட்டியும் கூட இருக்கு. கேக்க வேண்டியவங்க கேட்டுக்கட்டும்."

சிவப்பி என்றால் ஜெரிங்தான். பண்டியா மேசையிலிருந்து கையை எடுத்தான். இது எப்போது என்றான். சில நாளுக்கு ஒரு தரம், காலை ஆறு மணிக்கு, ஒன்றரை மாசமாக நடக்கிறது என்றான் பொனிரின். பதினோரு பதிவு வைத்திருந்தான். ஒரு நாள் மரத்துக்கு, ஒரு நாள் கல்லுக்கு, ஒரு நாள் வேலிக்கு. யாரோ பேய் பிடித்த கிழவி என்று முடிவு கட்டி, சாயங்காலம் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுகிறானாம்.

"ரெண்டு நாளா நாய் மாதிரி அலையறேன். இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க துப்பு கேட்டீங்க அண்ணே. இது பொழுதுபோக்கு."

பண்டியா கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினான். பிறகு சொன்னான், அவளுக்குப் பேய் பிடிக்கவில்லை, மரியாதைக்காரி. தன் இனமான கரோக்காரர்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். அதற்குப் பெயர் ரெபு. தவிர்க்க முடியாத சங்கதி என்றால் சுவரிடம் சொல்வார்கள், நாயிடம் சொல்வார்கள், மரத்திடம் சொல்வார்கள். காதில் வாங்க வேண்டியவர் வாங்கிக்கொள்வார். ஆகவே இந்தக் குரல் ஒரு மாமியாருடையது. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவன் அவள் மருமகன்.

பொனிரின் பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்தினான். "எங்க ஆளுங்கள்லயும் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா என் கல்யாணம் நிலைச்சிருக்கும்."

மீதி சுலபம். சங்கத்து வாக்கி-டாக்கிகளை ராத்திரி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, காலை ஏழரைக்குத்தான் கொடுப்பார்கள். ஆறு மணிக்கு அவள் பேச்சைக் கேட்கக்கூடியவை மூன்றே மூன்று: பொனிரினுடையது, மாவாஸ் ஆஸ்பத்திரியில் இருப்பது, முதலில் காட்டுப் பாதையைத் திறக்கப் போகிற தம்மாத் கிந்திங்குடையது. தம்மாத்துக்கு மாமியார் உண்டு. அக்கரையில் துரியான் தோட்டத்தில் தனியாக இருக்கிறாள். மகள் பெயர் ரூத்தா என்பதால் ஊர் அவளை நந்தே ரூத்தா, ரூத்தாவின் அம்மா, என்றுதான் கூப்பிடும்.

மாமியார் இடம் சொல்கிறாள். மருமகன் பழத்தோடு போய் ஜெரிங்கைக் கீழே இறக்குகிறான். காசு கொடுத்து வந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் படம் எடுக்கிறார்கள். கணக்கு நேர்கோடாக இருந்தது. பண்டியா இரண்டு நாளில் முதல் முறையாகக் காப்பியைச் சூடாகக் குடித்தான்.

அந்தச் சந்தோஷம் முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

தம்மாத் காட்டுப் பாதை வாசலில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து அட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். பதிவைப் போட்டுக் காட்டியதும் மறுக்கவில்லை. மாமி தனக்குத்தான் சொல்கிறார் என்றான். ஆனால் எதற்குச் சொல்கிறார்?

"எச்சரிக்கைண்ணே. இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதேன்னு அர்த்தம். நான் அன்னிக்கு மேட்டுப் பாதைல போயிடுவேன்."

பண்டியா நம்பவில்லை. அப்படியானால் மற்ற வழிகாட்டிகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். சொன்னால் பாதிப் பேர் விலகிப் போவார்கள், மீதிப் பாதி அங்கேதான் ஓடுவார்கள் என்றான் தம்மாத். எந்தப் பாதி யாரென்று தனக்குத் தெரியாதாம்.

பொனிரின் சங்கத்து நோட்டைப் புரட்டினான். பை பிடுங்கிய மூன்று நாளும் அங்கே போனது வேறு வேறு ஆட்களின் கூட்டம். மூன்று நாளும் தம்மாத் மேட்டுப் பாதையில் கையெழுத்துப் போட்டிருந்தான். ஒன்றரை மாசத்தில் அவன் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஜெரிங் வந்ததாக ஒரு வரி இல்லை.

ஒரு மருமகன் பழம் கொடுத்துப் பழக்கிய மாவாஸ், அவன் பக்கம் மட்டும் வராமல் இருக்குமா? பண்டியாவின் நேர்கோடு அங்கேயே வளைந்தது. ஒருவேளை நோட்டு பொய்யாக இருக்கலாம். அது எச்சரிக்கைதான் என்பதற்குச் சாட்சி யார் என்று கேட்டான்.

"மாமிதான். நான் போய் அவங்ககிட்ட கேட்டுட்டு வரவா?" என்றான் தம்மாத் கசப்பாக.

அப்போது சங்கத்துச் செக்ரட்டரி நாசிரிடமிருந்து போன் வந்தது. குரல் பதிவைப் பற்றி அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. பொனிரின் வானத்தைப் பார்த்தான். நாசிர் சுருக்கமாகப் பேசினார். தம்மாத் என்று எழுதிக் கொடுத்துவிடு, போதும். உரிமம் போனால் அவனுக்குப் போகட்டும், ஊருக்கு மாவாஸ் மிஞ்சும். பண்டியா மணியைப் பார்த்தான். பத்தே கால். எதிரே தம்மாத் ஓர் அட்டையை விரலில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போனில் பேசியது அவனுக்கும் கேட்டிருக்கும்.

பெயர் கையில் இருந்தது. எழுதியும் கொடுத்திருக்கலாம். பண்டியா போனை அணைத்துவிட்டுத் தொங்குபாலத்தை நோக்கி நடந்தான்.

நந்தே ரூத்தா துரியான் மரத்தடியில் காய்ந்த தோல்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். மேலுதட்டுக்குக் கீழே புகையிலை உருண்டை புடைத்திருந்தது. வந்தவர்களை உட்காரச் சொல்லாமல், கரோ வழக்கப்படி முதலில் குலம் கேட்டாள். பண்டியா குலம் என்றான். பெண் கட்டியது எங்கே என்று கேட்டாள்.

பண்டியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. தாரிகான் குலத்தில் என்றான்.

நந்தே ரூத்தா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அவள் புருஷனும் தாரிகான்தான். ஆகவே இவன் பெண்டாட்டிக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி முறை. அந்த முறைக்கும் ரெபு உண்டு. அவள் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

பண்டியாவுக்குத் தலை சூடேறியது. பெண்டாட்டி அவனை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. பாத்திரம் பண்டம் எல்லாம் அவள் எடுத்துக்கொண்டு போனாள். இந்த ரெபுவை மட்டும் அவனிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். உலகத்திலேயே அவனுக்கு வேண்டிய ஒரே சாட்சி, இவள். இவளிடம் அவன் ஒரு கேள்வி கேட்க முடியாது.

"பொனிரின், நீ கேளு."

"என்ன கேக்கணும்?"

"எதுக்காக மருமகனுக்குச் சேதி சொல்றாங்கன்னு."

பொனிரின் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டடி முன்னால் உட்கார்ந்திருந்த கிழவியிடம் திருப்பிக் கேட்டான். அவளுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும். இருந்தும் பொறுமையாகப் பொனிரினைப் பார்த்தே பதில் சொன்னாள். பொனிரின் அதை இரண்டடி பின்னால் நின்ற பண்டியாவிடம் ஒப்பித்தான். இப்படியே போனது. நடுவில் ஒரு தரம், தான் இரண்டு பக்கமும் டிக்கெட் கொடுக்கிறேன், கூலியும் இரண்டு வேண்டும் என்றான். கிழவிக்குச் சிரிப்பு வந்தது. பண்டியாவுக்கு வரவில்லை.

தம்மாத் சொன்னது உண்மைதான். ஜெரிங் தோட்டத்துக்கு வருவது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆட்கள் பின்னால் வந்துவிடுவார்கள், துரியான் பிஞ்சையெல்லாம் மிதிப்பார்கள், மிருகத்தையும் நிம்மதியாக விடமாட்டார்கள். மகள் ஒரு பழைய வாக்கி-டாக்கியைக் கொடுத்து, பார்த்தால் சொல் என்றாள். யாருக்குச் சொல் என்று மகளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மரத்துக்குச் சொன்னாள்.

எப்போது ஆரம்பித்தது? ஜெரிங் இருமினபோது. ராத்திரி முழுக்க அந்தப் பெரிய மரத்தில் உட்கார்ந்து, சுருட்டுக் குடிக்கிற கிழவன் மாதிரி இருமினாள். குட்டி வயிற்றில் ஒட்டிக்கொண்டு குலுங்கும். ஒரு வாரம் அப்படி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது.

பண்டியா முன்னால் ஓரடி வைத்தான், நின்றான். பழம் கொடுக்கிற யாரையாவது பார்த்தாளா என்று பொனிரினை விட்டுக் கேட்டான். இல்லை. ஜெரிங் பகலில் போகிற ஆற்று வளைவு வரைக்கும் அவள் கண்ணுக்குப் பார்வை போகாது.

அவ்வளவுதான். மணி பதினொன்று ஐந்து. ஒன்றும் இல்லை. தம்மாத் இல்லை என்று தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. பண்டியா கிளம்பலாம் என்று பொனிரினுக்குச் சைகை காட்டினான்.

கிழவி அசையவில்லை. புகையிலையை வாய்க்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றினாள். பிறகு முதல் முறையாகப் பொனிரினிடமும் பேசாமல் மரத்திடமே பேசினாள்.

"மரமே, இதை நான் எம் பொண்ணுகிட்டகூடச் சொல்லல. மொத நாள் நான் சேதி சொன்னப்ப, அவர் எனக்குப் பதில் பேசிட்டார்."

யார் பேசியது, என்ன பேசியது என்று பொனிரின் கேட்டான்.

மருமகன்தான், வேறு யார் என்றாள். கரகரவென்று கேட்டது, ஆனால் ஆண் குரல். "பூஜூர், மாமி. எந்த மரம்?" என்றது. அவள் அப்படியே அணைத்துப் போட்டுவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் அதைத் தொடவும் இல்லை. பதினாறு வருஷம் நிழல்கூடப் படாமல் நடந்துகொண்ட மனிதன், மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி வாய்க்கு வாய் பேசிவிட்டான். இவனோடு என் மகள் எப்படி இருப்பாள் என்று ஒன்றரை மாசமாக மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாள்.

பண்டியா பொனிரினின் சட்டையைப் பிடித்துத் தோட்டத்துக்கு வெளியே இழுத்து வந்தான். பதிவில் அந்தப் பதில் ஏன் இல்லை என்று கேட்டான். முதல் நாள் தான் பதிவே செய்யவில்லை, பேசினது யாரென்றே புரியாமல் திரும்பிப் படுத்துவிட்டேன் என்றான் பொனிரின்.

"நீ முட்டாள். நான் உன்னைவிடப் பெரிய முட்டாள். யாராவது பதில் சொன்னாங்களான்னு நான் கேக்கவே இல்ல. கரோக்காரனுக்கு அந்தக் கேள்வி வாயிலயே வராது. மருமகன் எப்படிப் பதில் சொல்வான்?"

"அப்ப மருமகன் இல்ல."

"இல்ல. மூணு வாக்கி-டாக்கி. ஒண்ணு தம்மாத். செத்தாலும் பேச மாட்டான். ஒண்ணு நீ. அவங்களை நீ எப்படிக் கூப்பிடுவே?"

"கிழவின்னு."

"இந்த ஊர்ல முறை பாக்காம, வயசு பாக்காம, பாவாடை கட்டின எல்லாரையும் மாமிங்கற ஆள் யாரு?"

பொனிரின் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினான். காலையில் காப்பி வாங்கியவரை அவனும் பார்த்திருந்தான்.

மாவாஸ் ஆஸ்பத்திரி என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறை. பதினொன்றே முக்காலுக்கு இருவரும் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, டாக்டர் குர்னியா மேசையில் குனிந்து ஊசிக்குள் மயக்க மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் வாக்கி-டாக்கி நின்றது.

வரும் வழியெல்லாம் பண்டியா நாலைந்து கேள்விகளைத் தயார் செய்திருந்தான். கேட்டது வேறு.

"எந்த மரம்னு கேட்டீங்களே டாக்டர், அவங்க சொன்னாங்களா?"

டாக்டரின் கை நின்றது. மறுக்க நினைத்தவர் மாதிரி நிமிர்ந்தார். பிறகு அந்தச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஊசியைத் தட்டில் வைத்தார்.

"சொல்லல. வெச்சுட்டாங்க. நானே தேடிக் கண்டுபிடிச்சேன்."

மீதியைக் கேட்காமலே சொன்னார். போய்ப் பார்த்தபோது ஜெரிங் இருமிக்கொண்டிருந்தாள். மனித ஜலதோஷம். முகமூடி இல்லாத எவனோ ஒருத்தனைப் பக்கத்தில் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஊசி போட்டு இறக்கலாம் என்றால் உட்கார்ந்திருந்தது ஒன்பது மாடி உயரம். மயங்கி விழுந்தால் தாயும் போய்விடும், குட்டியும் போய்விடும். அதனால் வாழைப்பழத்துக்குள் மருந்து வைத்தார். தரையில் வைத்தால் குரங்குகள் தூக்கிக்கொண்டு போயின. கையில் வைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு நாள். இருமல் நின்றது. பதின்மூன்றாம் நாள் அவர் போகவில்லை.

"ஆனா அவ வந்தா. என்னைத் தேடி. மனுஷன்னா பழம்னு பன்னெண்டு நாள் பாடம் நடத்தினது நான்தானே. என்னைக் காணோம்னதும் வேற மனுஷங்ககிட்ட கேட்டுப் பாத்தா. அதைத்தான் நீங்க பிடுங்கினான்னு எழுதியிருக்கீங்க."

ஏன் சொல்லவில்லை என்று பண்டியா கேட்டான். சொன்னால் மாற்றிவிடுவார்கள் என்றார் டாக்டர். புது ஆள் வர ஆறு மாசம் ஆகும். இந்தக் காட்டில் இன்னும் நாலு மாவாஸ் இருமிக்கொண்டிருக்கிறது.

"அதனால தம்மாத் போனா பரவாயில்ல."

"யார் பேரும் வராதுன்னு நெனச்சேன்" என்றார் டாக்டர். சொல்லி முடிக்கும்போதே அவருக்கே அது அசிங்கமாகப் பட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பண்டியாவுக்கு அடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இரண்டு நாளாக அந்த ஆளைத்தான் தேடினான். கிடைத்தவர் இவர். ராத்திரி தூங்காமல், உயிரைக் காப்பாற்றி, காப்பாற்றிய உயிரைக் கூண்டில் போட ஊசியும் ஏற்றுகிறவர். அடித்தால் கைதான் வலிக்கும்.

வேறு வழியே இல்லையா என்றான். பழம் கொடுத்தவர் நிறுத்திவிட்டார். அவள் மறந்துவிட்டால் போதாதா?

"மறப்பா. மூணு மாசம், நாலு மாசம். ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷ முகம் தெரியக் கூடாது. வழிகாட்டி கூடாது, வெள்ளைக்காரன் கூடாது. நான்கூட."

"மேட்டுப் பாதை?"

"அதுவும்தான்."

இது ஜூன் கடைசி. ஊர் வருஷம் முழுக்கச் சாப்பிடுவது ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகிற ஆட்களை வைத்து. டாக்டர் இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்று கூண்டுக்கு, ஒன்று பாதையை மூடுவதற்கு. இரண்டுக்கும் அவர் கையெழுத்து செல்லும். "நான்தான்னு நான் ஒத்துக்கறேன். எந்தத் தாள்னு உங்க சங்கத்தைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

சங்கத்தைக் கேட்டால் என்ன சொல்லும் என்று பண்டியாவுக்குத் தெரியும். அவனுக்குக் கூலி கொடுப்பதும் சங்கம்தான். அதனால் அவன் கேட்கவில்லை. இரண்டாவது தாளை டாக்டர் பக்கம் நகர்த்திவிட்டு, பேனாவைத் தேடிக் கொடுத்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கூண்டைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். டாக்டர் தான்தான் பழம் கொடுத்ததாகச் சொன்னபோது யாரும் வாய் திறக்கவில்லை. பாதை அக்டோபர் வரை மூடப்படுகிறது என்று தாளை வாசித்தபோது எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கூண்டின் மேல் யாரோ கல்லெறிந்தார்கள். கோழிகள் சிதறின. கொஞ்ச நேரத்தில் கோபம் டாக்டரை விட்டுப் பண்டியாவின் பக்கம் நகர்ந்தது. டாக்டர் எப்படியும் ஊரை விட்டுப் போகிறவர். இவன் இங்கேயே இருக்கப் போகிறவன்.

செக்ரட்டரி நாசிர் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "உன்கிட்ட ஒரு பேரைத்தான் கேட்டோம். சீசனைக் கேக்கல."

ஜலதோஷக்காரனை முகமூடி இல்லாமல் கூட்டிப்போனவன் இந்த நாற்பது பேரில் ஒருத்தன். அதைச் சொல்லலாம் என்று பண்டியா வாயெடுத்தான். ஒன்பது பேரை விசாரித்தது ஞாபகம் வந்தது. முப்பத்தொன்று மிச்சம். எல்லாரும் எதையும் பார்க்காதவர்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தம்மாத் வந்தான். ஒன்றரை மாசமாக விதியை ஒரு வரி மீறாதவன். அவனுக்கும் அக்டோபர் வரை வேலை இல்லை. மாமி குரல் என்று தெரிந்ததும் முதல் நாள் அணைத்துவிட்டானாம், அந்தப் பதில் அவன் காதில் விழவே இல்லையாம். அந்தக் குரல் தன்னுடையது இல்லை என்று மாமிக்கு யாராவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றான். பண்டியாவும் சொல்ல முடியாது, தம்மாத்தும் சொல்ல முடியாது. பொனிரின் வாக்கி-டாக்கியை வாங்கிக்கொண்டு தள்ளிப் போனான். திரும்பி வந்தபோது, கிழவி ஒரே வார்த்தைதான் பேசினாள், சாப்பிடப் போகிறாளாம் என்றான்.

மழை வலுத்தது. ஒரு மணிக்கு மேல், கூண்டை ஏற்றிப்போகப் படகு எப்போது வரும் என்று பார்க்க இருவரும் மணலில் இறங்கினார்கள். அக்கரையில், தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்த கிளை ஒன்று தாழ்ந்தது. ஜெரிங். நனைந்த மயிர் உடம்போடு ஒட்டியிருந்தது. குட்டியின் ஒரு கை மட்டும் அவள் இடுப்பில் தெரிந்தது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே தெரிய.

பொனிரின் கையில் பஜ்ஜிப் பொட்டலம் இருந்தது. பண்டியா சொல்வதற்கு முன்பே அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நட" என்றான் பண்டியா.

இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். பாதி தூரத்தில், இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா என்று பொனிரின் கேட்டான்.

"திரும்பிப் பாக்காதே."

அவனும் பார்க்கவில்லை. கிளை விடுபட்டு மேலே எழும் சத்தம் கேட்டால் அவள் போய்விட்டாள் என்று அர்த்தம். மியானின் கடை வரை காதைத் தீட்டிக்கொண்டே நடந்தான். கேட்கவில்லை.